கட்டி முளைக்கும் நிலம்

நோய்நொடி இல்லாத ஒரு நடுத்தர வயதுக்காரரின் உணவுக்குழாயை எண்டோஸ்கோப்பி மூலம் பார்த்தால் வழவழப்பான, வெளிறிய இளஞ்சிவப்புச் சவ்வுதான் தெரியும். மருத்துவர் ‘ஒன்றுமில்லை, நார்மல்’ என்று எழுதிக் கொடுப்பார். அதே சவ்வை மிகச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் டிஎன்ஏவையும் எழுத்தெழுத்தாக வாசித்தால் வேறு காட்சி விரிகிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் வெல்கம் சாங்கர் ஆய்வு நிறுவனத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டது. உறுப்பு தானம் செய்து இறந்துபோன 9 பேரின் உணவுக்குழாய்கள், 20 வயது முதல் 75 வயது வரை, மொத்தம் 844 துண்டுகள். நடுவயதை எட்டியவர்களிடம் நாட்ச்1 என்ற மரபணு பிறழ்ந்திருந்த செல்கள் 12 முதல் 80 சதவீதம் வரை இருந்தன. புற்றுநோய் உலகில் மிகப் பெயர்பெற்ற டிபி53 மரபணு பிறழ்ந்த செல்கள் 2 முதல் 37 சதவீதம். இவை இரண்டுமே ‘புற்றுநோய் மரபணுக்கள்’ என்ற பட்டியலில் ஏற்கெனவே இடம்பிடித்தவை. அவர்களில் யாருக்கும் உணவுக்குழாய்ப் புற்று இல்லை. எங்கோ ஒரு செல் கெட்டது, பெருகியது, கட்டியானது என்று நாம் படித்து வைத்திருக்கும் கதை இந்த இடத்தில் தடுமாறுகிறது. கெட்ட செல்கள் நம் எல்லோரிடமும் ஏராளமாக இருக்கின்றன என்றால், ஒருவருக்குக் கட்டி வருவதும் இன்னொருவருக்கு வராததும் எதனால்? தலை, கழுத்து, உணவுக்குழாய்ப் புற்றுகள் பற்றிய கடந்த பதினைந்து ஆண்டு மரபணு ஆராய்ச்சியை ஒருசேர வைத்துப் பார்த்தால், அது விதையைத் தேடிக் கிளம்பி நிலத்தில் வந்து நின்றிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் என்று தனித்தனிப் பெயர்கள் இருந்தாலும் உட்பூச்சு ஏறக்குறைய ஒன்றுதான்: ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கடுக்காகப் படிந்த தட்டையான செல்கள். மென்ற பாக்கும் இழுத்த புகையும் விழுங்கிய சாராயமும் முதலில் படுவது இந்தப் பூச்சின் மேல்தான். உணவுக்குழாயில் இரண்டு வகைப் புற்று வரும். கீழ்முனையில், வயிற்று அமிலம் மேலேறி அரித்த இடத்தில் வருவது ஒன்று. அது மேலை நாடுகளில் அதிகம். தட்டைச் செல்களில் வருவது மற்றது; ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அதுவே மிகுதி. 2017இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் 164 உணவுக்குழாய்க் கட்டிகளை ஆராய்ந்து, முதல்வகை வயிற்றுப் புற்றின் உறவு, இரண்டாம்வகை தொண்டைப் புற்றின் உறவு என்று காட்டியது. ஒரே குழாயில் ஒரு சாண் தள்ளி இருக்கும் இரண்டு கட்டிகள் ஒன்றுக்கொன்று அந்நியம். வாயில் இருப்பதும் மார்புக்குள் இருப்பதும் பங்காளிகள். இந்தப் பங்காளிகளின் சுமை சிறியதல்ல. 2022 கணக்குப்படி உலகில் ஓராண்டில் சுமார் 5.1 லட்சம் பேருக்கு உணவுக்குழாய்ப் புற்றும், சுமார் 3.9 லட்சம் பேருக்கு உதடு மற்றும் வாய்ப் புற்றும் புதிதாக வந்தன. வாய்ப் புற்றில் ஏறத்தாழ 1.43 லட்சம், அதாவது மூன்றில் ஒன்றுக்கும் மேல், இந்தியாவில்.

தேடல் தொடங்கியது விதையைத் தேடித்தான். 2011இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் தலை, கழுத்துக் கட்டிகளின் மரபணுக்களை முழுசாக வாசித்து ஒரே சமயத்தில் முடிவுகளை வெளியிட்டன. 2015இல் மேற்சொன்ன தொகுப்புத் திட்டம் 279 கட்டிகளின் விவரத்தைத் தந்தது. டிபி53 பிறழ்வு எதிர்பார்த்ததுதான். வைரஸ் தொடர்பில்லாத கட்டிகளில் 84 சதவீதத்தில் அது இருந்தது. செல் பிளவுபடாமல் நிறுத்தும் பி16 புரதத்துக்கான மரபணுவும் பல கட்டிகளில் தொலைந்திருந்தது. எதிர்பாராமல் வந்து சேர்ந்தது நாட்ச்1. ரத்தப் புற்றில் அது முறுக்கேறிப்போய்ச் செல்லைப் பெருக்கும். இங்கோ அது செயலிழந்து கிடந்தது. ஆக, இந்தக் கட்டிகளில் கெட்டுப்போனவை பெரும்பாலும் ‘பெருகு’ என்று விரட்டும் மரபணுக்கள் அல்ல, ‘நில்’ என்று தடுக்கும் மரபணுக்கள். மருந்து கண்டுபிடிப்பவர்களுக்கு இது சங்கடமான செய்தி. வீட்டுக்குள் திருடன் நுழைந்திருந்தால் பிடிக்கலாம். காவலாளி ஓடிப்போன வீட்டில் யாரைப் பிடிப்பது? காவலாளியைத் திரும்ப அனுப்பிப் பார்க்கலாம் என்று சீனா 2003லேயே, டிபி53 மரபணுவைச் சுமந்துசெல்லும் ஒரு வைரஸைத் தலை, கழுத்துப் புற்றுக்கு மருந்தாக அனுமதித்தது. உலகின் வேறு இடங்களில் அது பெரிதாக எடுபடவில்லை.

நாட்ச்1 கதை அங்கே முடிந்திருந்தால் பாடப் புத்தகத்தில் ஒரு வரி கூடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் 2018 ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: நாட்ச்1 பிறழ்வு உணவுக்குழாய்ப் புற்றுக் கட்டியில் இருப்பதைவிடப் புற்று இல்லாத உணவுக்குழாயில் பல மடங்கு அதிகம். குற்றவாளி என்று பிடித்துவந்த ஆள், குற்றம் நடக்காத தெருக்களில்தான் அதிகம் நடமாடுகிறான் என்றால் வழக்கு எப்படி நிற்கும்? சாங்கர் குழுவினர் எலிகளிடம் தொடர்ந்து பார்த்தார்கள். புற்றூக்கும் ரசாயனம் கலந்த தண்ணீரைக் குடித்த எலிகளின் உணவுக்குழாயில் நுண்ணிய கட்டிகள் நிறைய முளைத்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கொஞ்ச நாளில் காணாமல்போயின. மருந்தோ நோய் எதிர்ப்புச் செல்களோ அழிக்கவில்லை. சுற்றிலும் இருந்த, புற்றாக மாறாத, ஆனால் தாமும் பிறழ்ந்திருந்த செல்கூட்டங்கள் இடம்பிடிக்கும் போட்டியில் அந்தக் குட்டிக் கட்டிகளை நெருக்கி வெளியே தள்ளிவிட்டன. 2021இல் இது வெளியானது. நாட்ச்1 பிறழ்வு சாதாரணச் சவ்வில் செல்கள் பரவ உதவுகிறது, கட்டி வளர்வதற்கோ இடைஞ்சலாகிறது என்று 2023இல் அதே குழு காட்டியது. எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லக்கூடாது. இருந்தாலும் உணவுக்குழாய்ச் சவ்வை நாம் பார்க்கும் பார்வையே இதனால் மாறுகிறது. அது ஒரே மாதிரிச் செல்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கும் தரை அல்ல. பல பிறழ்ந்த குலங்கள் ஒன்றையொன்று முண்டிக்கொண்டு, வரப்பை நகர்த்தி நகர்த்தி ஆக்கிரமிக்கும் நிலம். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சேய்ஷி ஒகாவா குழுவும் 2019இல் இதையே கண்டது: இத்தகைய குலங்கள் இளம் பருவத்திலேயே தலைகாட்டுகின்றன, வயதோடு பரவுகின்றன, மதுவும் புகையும் சேர்ந்தால் வேகமாகப் பரவுகின்றன.

அப்படியானால் மரபணுப் பரிசோதனையே வீண்வேலைதானா என்று கேட்கத் தோன்றும். இல்லை. எல்லாப் பிறழ்வும் ஒரே எடை கொண்டதல்ல என்பதைத்தான் இந்த ஆய்வுகள் சொல்கின்றன. டிபி53 பிறழ்வு சாதாரணச் சவ்வில் கொஞ்சமாகவும் கட்டியில் மிக அதிகமாகவும் இருக்கிறது. ஆகவே கட்டிகள் முளைப்பது பெரும்பாலும் அந்தக் குலத்திலிருந்துதான் என்று நம்ப இடமிருக்கிறது. அதோடு கட்டியில் குரோமோசோம்கள் துண்டு துண்டாக இழக்கப்பட்டோ இரட்டிப்பாகியோ கிடக்கும். சாதாரணச் சவ்வில் அந்த அலங்கோலம் அபூர்வம். உண்மையில் ‘நிலம்’ என்ற பார்வை புதியதுமல்ல. 1953இல் ஸ்லாட்டர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய இரு சகாக்களும் 783 வாய்ப்புற்று நோயாளிகளின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, கட்டியைச் சுற்றியிருக்கும் ‘நல்ல’ சவ்வும் நல்லதாக இல்லை, சிலருக்கு ஒரே வாயில் தனித்தனியாக இரண்டு மூன்று கட்டிகள் இருக்கின்றன என்று எழுதினார்கள். வயல் முழுதும் புற்றுக்குப் பண்பட்டுவிட்டது என்ற பொருளில் அதற்கு அவர்கள் வைத்த பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கட்டியை முழுசாக வெட்டியெடுத்து, ஓரங்கள் சுத்தம் என்று அறிக்கையும் வந்த பிறகு, சில ஆண்டுகளில் பக்கத்திலேயே இன்னொன்று ஏன் வருகிறது என்று நோயாளியின் வீட்டார் தவித்துப்போய்க் கேட்கும் கேள்விக்கு அந்தக் கட்டுரையில் விடை இருந்தது. டிஎன்ஏவின் உருவமே 1953இல்தான் தெரியவந்தது. ஸ்லாட்டர் கண்ணால் ஊகித்ததை எழுத்தாக வாசிக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதுவரை பேசியது டிஎன்ஏவின் எழுத்துப் பிழைகளைப் பற்றி. எழுத்து சரியாக இருந்தும் வாசிக்கப்படாமல் போவது இன்னொரு கதை. அதைத்தான் எபிஜெனிடிக்ஸ், தமிழில் மேல்மரபியல் என்கிறார்கள். ஒரு செல்லுக்குள் சுமார் இரண்டு மீட்டர் நீள டிஎன்ஏ, புரத உருளைகளில் சுற்றி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சுவடிக் கட்டை நினைத்துக்கொள்ளலாம்: அவிழ்த்து விரித்த ஏட்டைத்தான் படிக்க முடியும், இறுக்கிக் கட்டிய ஏடு இருந்தும் இல்லாததுபோல்தான். கன்னத்துச் செல்லுக்கும் கண்ணின் செல்லுக்கும் சுவடி ஒன்றே, அவிழ்த்திருக்கும் ஏடுகள் வேறு. எதைக் கட்டுவது, எதை அவிழ்ப்பது என்பதற்கான குறிகளில் முக்கியமானது மீத்தைல் என்ற சின்னஞ்சிறு ரசாயன ஒட்டு. பி16 மரபணு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வாய்ப் புற்றில் சில சமயம் அந்த ஏடு கிழிந்தே போயிருக்கிறது. சில சமயம் எழுத்தில் பிழை விழுந்திருக்கிறது. சில சமயம் எழுத்தில் ஒரு குறையும் இல்லை, மீத்தைல் ஒட்டுகள் மொய்த்து ஏட்டைக் கட்டிவிட்டன. மூன்று வழியிலும் விளைவு ஒன்றே, காவல் புரதம் வராது. எழுத்தை மட்டும் வாசிக்கும் பரிசோதனை மூன்றாவது வழியைத் தவறவிட்டுவிடும். நம் நாட்டு ஆய்வு ஒன்று இந்த இரண்டு உலகங்களையும் இணைத்தது. மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் நவி மும்பையில் இருக்கும் டாடா நினைவு மையத்தின் ஆய்வுக்கூடமும் 110 இந்திய நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டன. எல்லாம் ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தில் வந்தவை. புகையிலை உருண்டையை ஒதுக்கி வைக்கும் அதே இடம். புதிதாக அவர்கள் சேர்த்த ஐந்து மரபணுக்களில் எம்எல்எல்4, ஆரிட்2 என்ற இரண்டும் சுவடியைக் கட்டவும் அவிழ்க்கவும் செய்யும் பணியாளர்களுக்கானவை. பணியாளர் ஒருவர் பிழைபட்டால் ஓர் ஏடு அல்ல, பல நூறு ஏடுகள் தவறாகக் கட்டப்படும். எழுத்துப் பிழை ஒன்று, வாசிப்பின் குழப்பம் ஊர்முழுக்க.

நிலத்தை மாற்றுவது எது என்ற கேள்விக்கு வந்தால் இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. சில நச்சுகள் டிஎன்ஏவில் தம் கைரேகையை விட்டுச் செல்லும். புகைப்பவரின் நுரையீரல் கட்டியில் புகையின் ரேகை, தோல் கட்டியில் வெயிலின் ரேகை, இப்படி. உணவுக்குழாய்ப் புற்று சில இடங்களில் அளவுக்கு மீறி இருக்கிறது: சீனாவின் லின்ஷியன் வட்டாரம், ஈரானின் கொலெஸ்தான், கிழக்கு ஆப்பிரிக்காவின் சில பகுதிகள். லின்ஷியனில் கோழிகளுக்குக்கூடத் தொண்டைப் பகுதியில் புற்று வந்ததை 1970களில் கண்டிருக்கிறார்கள். அங்கெல்லாம் ஏதோ ஒரு பெரிய நச்சு இருக்க வேண்டும், அதன் ரேகை கட்டிகளில் கிடைக்கும் என்று நம்பி, எட்டு நாடுகளின் 552 கட்டிகளின் முழு மரபணுத் தொகுதியையும் வாசித்தார்கள். 2021இல் முடிவு வந்தது. நோய் மிகுந்த ஈரானிலும் நோய் குறைந்த பிரிட்டனிலும் பிறழ்வுகளின் சாயல் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. நோய் மிகுதியை விளக்கக்கூடிய தனி ரேகை எதுவும் அகப்படவில்லை. இதைப் படித்துவிட்டு ‘அப்படியென்றால் சூடான தேநீர், அபின், புகையிலை எல்லாம் நிரபராதிகள்’ என்று யாராவது சொன்னால் அது அவசர முடிவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களைப் புற்று உண்டாக்கக் கூடியவை என்று 2016இல் கருதியதும், அபினை ஐயமின்றிப் புற்றூக்கி என்று 2020இல் அறிவித்ததும் மக்களிடம் நேரடியாக எடுத்த ஆய்வுகளை வைத்துத்தான். ரேகை இல்லை என்றால் அந்த நச்சு எழுத்தைத் தொடாமலே வேலைசெய்கிறது என்று பொருள்கொள்வது கூடுதல் பொருத்தம்.

எழுத்தைத் தொடாமல் எப்படி? விடை பழையது, அதில் நமக்குத் தெரிந்த ஒரு மூலிகையும் வருகிறது. 1941இல் ஐசக் பெரன்ப்ளம் என்ற ஆய்வாளர், எலியின் தோலில் புற்றூக்கும் ரசாயனம் ஒன்றைச் சிறிதளவு தடவினார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அதே இடத்தில் சித்த மருத்துவம் பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளத்தின் எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவினார்; கட்டிகள் வந்தன. எண்ணெயை மட்டும் தடவிய எலிகளுக்குக் கட்டி அநேகமாக இல்லை. முதல் பொருள் விதை போட்டது. இரண்டாவது, புண்ணாக்கி, வீங்கவைத்து, செல்களை இடைவிடாமல் பெருகத் தூண்டி நிலத்தை உழுது கொடுத்தது. காற்று மாசும் நுரையீரலில் இப்படித்தான், ஏற்கெனவே பிறழ்ந்து தூங்கிக்கொண்டிருக்கும் செல்களை எழுப்பிவிடுகிறது என்று 2023இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வேகவேகமாக விழுங்கும் கொதிநீரும், ஆண்டுக்கணக்கில் கன்னத்தை உரசும் பாக்கும் இந்த இரண்டாம் வகையின் பெரும் பங்கைச் செய்கின்றன என்பது என் கணிப்பு. விதை போடுவது நம் கையில் அதிகம் இல்லை. செல் பிளவுபடும்போதெல்லாம் தானாகவே பிழை விழும். உழுவது பெரும்பாலும் நாமே.

பாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மிடம் ஒரு பிடிவாதமான வாதம் உண்டு: புகையிலை சேர்க்காமல் வெற்றிலை பாக்கு போட்டால் ஒன்றும் ஆகாது, தாத்தா பாட்டி காலத்திலிருந்து போடவில்லையா என்பது. வெற்றிலையின் மேல் பழி இல்லை. பழி பாக்கின் மேல். பாக்கையும், புகையிலை கலக்காத தாம்பூலத்தையும்கூட மனிதனுக்குப் புற்று உண்டாக்குபவை என்று மேற்சொன்ன முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருளும் செம்புச் சத்தும் கன்னத்துச் சவ்வின் அடியில் நார்ப்பொருளைப் படியவைக்கின்றன. சவ்வு வெளுத்து, மரத்து, பட்டை பட்டையாக இறுகி, கடைசியில் இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் சுருங்கிவிடுகிறது. இந்த நோயை 1952இல் மருத்துவ உலகுக்கு முதலில் விவரித்தது கென்யாவில் குடியேறியிருந்த இந்தியப் பெண்களிடம் அதைக் கண்ட ஒரு மருத்துவர். மாவாவும் பாக்கெட் பான் மசாலாவும் வந்தபிறகு இருபது வயதுப் பையன்களிடமே இதைப் பார்க்கிறோம். தாத்தாவின் வெற்றிலைச் செல்லத்தில் ஒரு நாளைக்கு நாலு பாக்குச் சீவல் இருந்தால் அதிகம், பாக்கெட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. மலேசியாவில் வாய்ப் புற்று வீதம் மிக அதிகமாக இருப்பது இந்திய வம்சாவளியினரிடம். தோட்டத் தொழிலாளர் வழியாகப் போன தமிழர்கள் அவர்களில் பெரும்பான்மை. கடல் கடந்து போனபோது கூடவே போன பழக்கத்தின் கணக்கு அது. இறுகிப்போன அந்தச் சவ்வு ஒரு கட்டி அல்ல. ஆனால் கட்டிக்காகவே பண்படுத்தப்பட்ட நிலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அதைவிடத் தெளிவான காட்சி கிடையாது.

எதிர்ப்பக்கம் இருந்து வரும் பெரிய வாதம் விதியின் பெயரால் வருவது. ஓர் உறுப்பின் மூலச்செல்கள் எத்தனை முறை பிளவுபடுகின்றனவோ அதற்கேற்ப அந்த உறுப்பில் புற்று வருகிறது, உறுப்புக்கு உறுப்பு இருக்கும் வேறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கை இதுவே விளக்கிவிடுகிறது என்று 2015இல் தொமாசெட்டியும் வோகல்ஸ்டைனும் எழுதினார்கள். நாளிதழ்கள் அதை ‘மூன்றில் இரண்டு புற்று துரதிர்ஷ்டம்’ என்று திருப்பிப் போட்டன. அவர்கள் சொன்னது உறுப்புகளுக்கிடையிலான வேறுபாடு. மனிதர்களுக்கிடையிலான வேறுபாடு அல்ல. மூளைக்கும் குடலுக்கும் ஏன் வித்தியாசம் என்பது ஒரு கேள்வி, லின்ஷியன்காரருக்கும் லண்டன்காரருக்கும் ஏன் வித்தியாசம் என்பது வேறு கேள்வி. அதைவிடக் கனமான பதில், பழக்கத்தை விட்டவர்களிடம் இருந்து வருகிறது. புகைப்பவரின் ரத்தச் செல்களில் ஏஹெச்ஆர்ஆர் என்ற மரபணுவின் மீது இருக்கும் மீத்தைல் ஒட்டுகள் குறைந்துபோகின்றன. அவர் புகைத்தாரா என்பதை அவரைக் கேட்காமலே சொல்லிவிடும் அளவுக்கு. விட்டுவிட்டால் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ஒட்டுகள் பெருமளவு திரும்பி வருகின்றன. எழுத்துப் பிழையோ விழுந்தது விழுந்ததுதான், அழியாது. ஆனாலும் விட்டவருக்குத் தொண்டை, குரல்வளைப் புற்று வரும் வாய்ப்பு சில ஆண்டுகளிலேயே குறையத் தொடங்குகிறது. எப்படி? 2020இல் மூச்சுக்குழாய்ச் செல்களை ஒவ்வொன்றாக வாசித்த ஆய்வில், புகையை விட்டவர்களிடம் 20 முதல் 40 சதவீதச் செல்கள், புகைக்காதவர் செல்போலவே பிழை குறைந்தவையாக இருந்தன. இன்னும் புகைப்பவர்களிடம் இருந்ததைவிட அது நான்கு மடங்கு. எங்கோ ஒதுங்கிப் பதுங்கியிருந்த நல்ல குலம், அடக்குமுறை நின்றதும் நிலத்தைத் திரும்பப் பிடித்திருக்கிறது. மூச்சுக்குழாயில் கண்டது வாய்க்கும் அப்படியே பொருந்துமா என்பதைத் தனியே பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். ஆனால் விதியென்று கைகழுவிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

இந்த வாதம் பொருந்தாத ஒரு மூலை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. உள்நாக்குச் சதையிலும் நாக்கின் அடிவேரிலும் ஹெச்பிவி வைரஸால் வரும் புற்று வேறு சாதி. அந்த வைரஸ் தன்னுடைய இரண்டு புரதங்களை ஏவி, காவல் புரதங்களைப் பிடித்துச் சிதைத்துவிடுகிறது. மரபணுவில் கைவைக்க வேண்டிய அவசியமே அதற்கில்லை. தொகுப்புத் திட்டம் 2015இல் ஆராய்ந்த 279 கட்டிகளில் வைரஸ் இருந்தவை 36. அவற்றில் டிபி53 பிறழ்வு ஒன்றில் மட்டும். இங்கே விதைதான் எல்லாம், அதைத் தடுப்பூசியால் தடுக்கலாம். சிகிச்சைக்கும் இது நன்றாகக் கட்டுப்படுகிறது: 2010இல் வெளிவந்த ஆய்வில் மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடிருந்தவர்கள், வைரஸ் வகையில் 82 சதவீதம், மற்றதில் 57. அவ்வளவு நல்லபடியாகக் கட்டுப்படுகிறது என்றால் கடுமையான சிஸ்பிளாட்டினுக்குப் பதில் மென்மையான மருந்தைக் கொடுக்கலாமே என்று செடுக்சிமாபைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வந்த இரண்டு பெரிய சோதனைகளிலும் மென்மையான மருந்து பெற்றவர்கள் கூடுதலாக இறந்தார்கள். மரபணு வகைப்பாடு நோயின் போக்கைச் சொல்லும். எந்த மருந்தைக் குறைக்கலாம் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். இந்தியாவின் கன்னம், ஈறுப் புற்றுகளில் இந்த வைரஸின் பங்கு குறைவு.

மருந்துகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஹெச்ராஸ் மரபணு முறுக்கேறிய சிறுபான்மைக் கட்டிகளுக்கு டிபிஃபார்னிப் என்ற மாத்திரை நம்பிக்கை தந்தது. மீத்தைல் ஒட்டுகளை நீக்கும் அசாசைட்டிடின் 2004 முதல் ஒருவகை ரத்த நோய்க்குப் பயன்படுகிறது; கட்டிகளில் சோபிக்கவில்லை. மேல்மரபியல் மாற்றங்கள் திருப்பக்கூடியவை, ஆகவே மருந்து எளிது என்று ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. கட்டிய ஏடுகளை எல்லாம் ஒரே வீச்சில் அவிழ்த்துவிட்டால், கட்டியே கிடக்க வேண்டிய ஏடுகளும் அவிழ்ந்துவிடும் என்பதை அந்தப் பேச்சு மறந்துவிட்டது.

கடைசியாக வருவதுதான் எல்லாவற்றிலும் நியாயமான ஆட்சேபம். புகையிலையும் பாக்கும்தான் காரணம் என்று தெரிந்த பிறகு, கோடிக்கணக்கில் செலவழித்து மரபணுவை வாசிப்பது எதற்கு? வரியை ஏற்றி, விற்பனையைத் தடுத்தால் போதாதா? தடுப்பதுதான் முதல் வேலை, அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 19.9 கோடிப் பேர் மெல்லும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள். நாளைக்கே அவர்கள் எல்லோரும் விட்டாலும் அவர்கள் வாயிலுள்ள நிலம் நேற்றே உழப்பட்டுவிட்டது. அவர்களுக்கு என்ன செய்வது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு விடை இருக்கிறது. 1996இல் தொடங்கித் திருவனந்தபுரம் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வில் வாய்களைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். 2005இல் முடிவு: புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்று மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களிடம் குறிப்பிடும்படி எந்தப் பலனும் இல்லை. நிலத்தைப் பார்த்துத் தேட வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கண்ணால் பார்ப்பதன் எல்லையும் இதே இடத்தில்தான் வருகிறது. புற்றுக்கு முன்பு வாயில் படரும் வெண்படலம் நூறு பேருக்கு இருந்தால் அதில் சிலருக்குத்தான் புற்றாக மாறும். யாருக்கு என்று கண் சொல்லாது.

மரபணு சொல்லுமா? ஓரளவு சொல்கிறது. வெண்படலத்துத் திசுவில் மூன்றாம், ஒன்பதாம் குரோமோசோம்களின் குட்டைக் கையில் துண்டுகள் இழக்கப்பட்டிருந்தால் ஆபத்து கூடுதல். அமெரிக்காவில் நடந்து 2016இல் வெளிவந்த ஒரு சோதனையில், இழப்பு இருந்தவர்களில் மூன்று ஆண்டுகள் புற்றில்லாமல் இருந்தவர்கள் 74 சதவீதம், இல்லாதவர்களில் 87. ஆபத்து மிகுந்தவர்களுக்கு எர்லோட்டினிப் மாத்திரை கொடுத்துத் தடுக்கப் பார்த்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசமில்லை. யாருக்கு என்று சொல்ல முடிந்தது, மாத்திரையால் தடுக்க முடியவில்லை. ஆனால் யாருக்கு என்று தெரிந்தாலே, யாரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்வது, யாருடைய படலத்தை உடனே வெட்டியெடுப்பது என்று முடிவுசெய்யலாம். நெருக்கடியான ஓர் அரசு பல் மருத்துவமனைக்கு அது சின்ன விஷயம் அல்ல. உணவுக்குழாய்க்கும் இதே வழியில் ஒரு கருவி வந்திருக்கிறது. நூல் கட்டிய மாத்திரையை விழுங்கினால் அது வயிற்றில் கரைந்து பஞ்சாக விரியும். நூலை இழுத்தால் வழியெல்லாம் செல்களைச் சுரண்டிக்கொண்டு மேலே வரும். பிரிட்டனில் அமில அரிப்பு வகைக்காக உருவான அதைக் கொலெஸ்தானில் தட்டைச் செல் வகைக்கும் முயன்று பார்த்தார்கள். பஞ்சில் ஒட்டிய செல்களின் மீத்தைல் குறிகளை வாசிக்கும் பரிசோதனையும் அமெரிக்காவில் இருக்கிறது.

பாக்கால் இறுகி வெளுத்த கன்னத்தில் இந்தக் குறிகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இங்கேதான் சோதிக்க வேண்டும். பாக்கு மெல்லாத நாடு அதை நமக்காகச் செய்து தராது. அதற்கான பொருளும் இங்கே இருக்கிறது. வெண்படலத்திலிருந்தும் இறுகிய சவ்விலிருந்தும் எடுத்த பயாப்சித் துண்டுகள் மெழுகுக் கட்டிகளாக மருத்துவக் கல்லூரிகளின் நோய்க்குறியியல் துறை அலமாரிகளில் ஆண்டுக்கணக்காக அடுக்கியிருக்கின்றன. சென்னையில் 1980களிலிருந்தே மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடும் நடந்துவருகிறது. அலமாரியில் இருக்கும் துண்டு யாருடையது, அவருக்குப் பத்தாண்டு கழித்துப் புற்று வந்ததா என்று இரண்டையும் பொருத்திப் பார்ப்பதற்குப் புதிய நோயாளிகளைத் தேடி, பத்தாண்டு காத்திருக்கத் தேவையில்லை. பழைய மெழுகிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கவும், அதன் மீத்தைல் குறிகளை வாசிக்கவும் இப்போது முடிகிறது.